தற்சார்பு வாழ்க்கை: தேவையைக் குறைப்பதே முதல் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தற்சார்பு வாழ்க்கைக்கு மாறியவர்களின் அனுபவங்கள் நாளிதழ்களில் இடம்பெறுவது மிகவும் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சூரிய மின்தகடு, மழைநீர்த் தொட்டி, காய்த்துக் குலுங்கும் தோட்டம் என்று அமைத்தவற்றை விரிவாகச் சொல்லும் அக்கட்டுரைகள், அவற்றுக்கு முன்பே தேவையை எவ்வளவு குறைத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. சில ஆண்டுகளாக இவ்வழியில் வாழ்ந்து வரும் எனக்கு அதுவே முதல் வேலையாகத் தெரிகிறது.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும் முதல் நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றியது போக, ஏறத்தாழ 800 லிட்டர் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தால் அது இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ஆளுக்கு 50 லிட்டர் என்றால் நான்கு நாள் வரும். தொட்டியைப் பெரிதாக்கப் பணம் தேடுவதைவிட, ஒழுகும் குழாயின் வாஷரை மாற்றுவதும், பாத்திரம் கழுவிய நீரை மரத்தடிக்குத் திருப்புவதும் எளிதல்லவா?

மின்சாரத்திலும் இதுவே நிலை. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியை விரைவில் காலிசெய்பவை நீர் சூடாக்கும் கருவி, இஸ்திரிப் பெட்டி போன்ற வெப்பக் கருவிகளே. எனவே நீரை வெயிலிலேயே நேரடியாகச் சூடாக்கிக்கொண்டால், அதன்பின் தேவைப்படும் பேட்டரியின் அளவே வெகுவாகக் குறைந்துவிடும்.

தோட்டத்தில் குறைக்க வேண்டியது ஆசையை. எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் விதைத்துப் பராமரிக்க முடியாமல் கைவிடுவதைவிட, விதையெடுக்க எளிதான ஓரிரு பயிர்களோடு தொடங்குவது நல்லது. தன் மகரந்தச் சேர்க்கை செய்யும் தக்காளியில், நாட்டு ரகமாக இருந்தால், அடுத்த பருவத்துக்கான விதையை வீட்டிலேயே எடுக்கலாம். நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு நீங்கிவிடும். பிறகு கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

ஆகவே, இனி வெளியிடும் அனுபவங்களில், மாறுவதற்கு முன்னும் பின்னும் அக்குடும்பம் பயன்படுத்திய நீர், மின்சாரம், செலவிட்ட உழைப்பு நேரம் ஆகியவற்றின் கணக்கையும் கேட்டுச் சேர்க்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். இம்முயற்சியைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்களின் அனுபவங்களுக்கும் இடமளியுங்கள். எந்த இடத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது புதிதாகத் தொடங்குவோருக்கு மிகவும் தேவையான செய்தி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்