வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: 256 ஜி.பி.யும் புதிய கட்டணங்களும்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

கரடிப்போக்குச் சந்திக்கு அருகில் இருக்கும் எங்கள் கடையையும் எங்கள் வேலையையும் நீங்கள் அறிவீர்கள்; ஆகையால் அறிமுகத்தை விட்டுவிட்டு விடயத்துக்கு வருகிறோம். பழைய வீட்டுக் கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி.யும் (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்; அதன் கொள்ளளவை ஜி.பி.யில் சொல்வார்கள்) கூடுதல் ராமும் (கணினி வேலை செய்யும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்) பூட்டிக் கொடுக்கும் வேலைக்கான கட்டணம் இம்மாதம் முதல் மாறுகிறது. அதற்கான காரணங்களை மட்டும் நான்கு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்றே இருந்தோம். ஆனால், சில வாரங்களாக வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவும், கணினித் திரையைப் பிடித்த ஒரு படமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. “256 ஜி.பி.க்குக் காசு வாங்கிவிட்டு 238 ஜி.பி.தான் போட்டிருக்கிறார்கள்” என்ற அந்தக் குற்றச்சாட்டு பரந்தனைக் கடந்து விசுவமடு வரைக்கும் போய்விட்டது. அதில் கடையின் பெயர் சொல்லப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் சந்தியின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தச் சந்தியில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனவே முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். எஸ்.எஸ்.டி. செய்யும் நிறுவனங்கள் ஒரு ஜி.பி. என்பதை 100 கோடி பைட் (கொள்ளளவை எண்ணும் சிறு அலகு) என்று கொள்கின்றன. அதன்படி 256 ஜி.பி. என்பது 25,600 கோடி பைட். விண்டோஸோ 1,024ஐ மும்முறை பெருக்கி வரும் 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜி.பி. என்று வைத்துத் திரையில் காட்டுகிறது. 25,600 கோடியை இந்தப் பெரிய அலகால் வகுத்தால் 238.4 வரும். ஒரே வயலை ஏக்கரில் சொன்னால் ஐந்து, ஹெக்டேயரில் சொன்னால் இரண்டு. அதற்காக வரம்பை யாரோ உள்ளே நகர்த்திவிட்டார்கள் என்று எவரும் பொலிஸுக்குப் போவதில்லை.

இது எஸ்.எஸ்.டி.யோடு வந்த புதுப் பழக்கமும் அல்ல. நீங்கள் முன்னர் பாவித்த 500 ஜி.பி. வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) 465 என்றும், 1 டி.பி. (1,000 ஜி.பி.) வன்தட்டு 931 என்றும்தான் இத்தனை ஆண்டுகளாகக் காட்டி வந்தன. அப்போது யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஆப்பிளின் மக் கணினிகள் 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து நிறுவனங்களின் கணக்கையே பின்பற்றுவதால், அதே எஸ்.எஸ்.டி.யை அங்கே பொருத்தினால் 256 என்றே தெரியும். சந்தேகம் உள்ளவர்கள் தமது கணினியில் சி டிரைவின் மேல் வைத்து மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். ‘கப்பாசிட்டி’ என்ற வரியில் பைட் எண்ணிக்கையும் ஜி.பி. எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பைட் எண்ணிக்கை 25,600 கோடிக்குச் சற்றுக் குறைந்திருப்பதற்குக் காரணம், கணினியைத் தொடக்குவதற்கும் பழுதானால் மீட்பதற்கும் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் சிறு பகுதிகள். அந்தப் பகுதிகளையும் நாங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. பலகையோடு பற்றவைக்கப்பட்ட நினைவகச் சில்லுகளிலிருந்து 18 ஜி.பி.யை மட்டும் கிள்ளி எடுத்து விற்கும் வித்தை உலகில் எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

உண்மையான மோசடி வேறு விதமாக இருக்கும். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு விற்கும் ‘2 டி.பி.’ பென் டிரைவ்களிலும் வெளிவாரி எஸ்.எஸ்.டி.களிலும் பல, உள்ளே 64 ஜி.பி.யோ அதற்கும் குறைவோ வைத்துக்கொண்டு, 2 டி.பி. என்று கணினிக்குப் பொய் சொல்லுமாறு மாற்றப்பட்டவை. திரையில் அளவு நிறைவாகவே தெரியும். இடம் முடிந்த பின் போடும் கோப்புகள் எங்கும் பதியாமலோ, பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டோ போய்விடும். படத்தைத் திறக்கும் நாளில்தான் உரியவருக்கு அது தெரியவரும். அதனால்தான் நாங்கள் விற்கும் ஒவ்வொரு எஸ்.எஸ்.டி.யையும் முழுவதும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்த பின்னரே பூட்டுகிறோம். கழற்றிய பழைய வன்தட்டை உங்கள் கையிலேயே தந்துவிடுகிறோம். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்து, பின்னர் வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிரதி பெற்றுச் சேர்த்து வைத்த படங்கள் அந்தத் தட்டுகளில் இருக்கின்றன. அவற்றைக் கையாளும் கடையைப் பற்றித்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்பதே எமக்கு மனவருத்தம்.

வேகம் பற்றிய முறைப்பாடுகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். எங்களிடம் வருபவற்றில் பெரும்பகுதி மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வாங்கிய கணினிகள்: இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, எச்61 வகை மதர்போர்ட் (பாகங்களைப் பூட்டும் பிரதான பலகை), 2 அல்லது 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை ராம். பக்கத் தகட்டைக் கழற்றினால் செயலியின் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் கிரவல் தூசி இறுகிக் கிடக்கும், பவர் சப்ளையின் மறைவில் பல்லி முட்டைகள் ஒட்டியிருக்கும், பாவிக்காத யூ.எஸ்.பி. துளைக்குள் குளவி மண் அடைத்திருக்கும். இவற்றைத் துப்புரவாக்கிப் செயலியின் மேல் சூடு கடத்தும் புதிய பேஸ்ட் பூசுவதும் கட்டணத்துக்குள் அடங்கிய வேலையே.

கணினி ஆமை வேகத்தில் நகர்வதற்குப் பெரும்பாலும் காரணம் வன்தட்டுத்தான். நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் தட்டில், வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேர ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நூறில் ஒரு செக்கன் செல்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேடி வாசிப்பதால் அந்தச் சிறு தாமதங்கள் நிமிடங்களாகக் குவிகின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே இல்லை. எச்61 பலகையில் எஸ்.எஸ்.டி.யைப் பூட்டும் சாட்டா இணைப்பு செக்கனுக்கு 3 ஜிகாபிட் (ஏறத்தாழ 300 எம்.பி.) வகையானதால், 550 எம்.பி. என்று பெட்டியில் எழுதிய எஸ்.எஸ்.டி. அங்கே பாதி வேகத்தில்தான் ஓடும். இதை வேலைக்கு முன்பே சொல்கிறோம். ஆனால் தேடும் தாமதம் இல்லாது போவதால், அந்தப் பாதி வேகத்திலும் கணினி வேறு கணினியாகிவிடுகிறது. ராமைப் பொறுத்தவரை, 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பாவிக்காது என்பதால் 64 பிட்டை நிறுவிய பின்னரே 8 ஜி.பி. பூட்டுவதில் பயனுண்டு. இணைய வேகம் மட்டும் இவை எதனாலும் அதிகரிக்காது. பிள்ளையின் ஸூம் வகுப்பு இன்னமும் விக்குகிறது என்று எம்மிடம் வருபவர்கள் தயவுசெய்து முதலில் சிக்னலைப் பாருங்கள்.

இனி விலை. 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியபோதும், 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானபோதும், எங்கள் வேலைக்கூலியில் கை வைக்காமல் சமாளித்தோம். 2025இன் பிற்பகுதியிலிருந்து நிலைமை வேறு. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு நினைவகம் செய்வதில் பெரிய நிறுவனங்கள் தமது தொழிற்சாலைகளைத் திருப்பிவிட்டதால், வீட்டுப் பாவனைக்கான ராமும் எஸ்.எஸ்.டி.யும் உலகம் முழுவதும் விலை ஏறின. மைக்ரோன் நிறுவனம், நீங்கள் எங்களிடம் கேட்டு வாங்கும் குரூஷியல் பெயரிலான ராம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டி.டி.ஆர்.3 ராம் இப்போது பெரும்பாலும் பாவித்ததாகவே கிடைக்கிறது. அப்படியானதைப் பூட்டும்போது பற்றுச்சீட்டில் ‘பாவித்தது’ என்று எழுதியே தருகிறோம். கொழும்பில் காலையில் கேட்ட விலை மாலையில் இருப்பதில்லை என்பதால், பொருளின் விலையை, அதைக் கணினியில் பூட்டும் நாளிலேயே உறுதி செய்ய முடியும்.

இதற்கிடையே, நீங்கள் எல்லோரும் அறிந்த, எம்மோடு நின்ற தம்பி கட்டாருக்குச் சென்றுவிட்டார். அவர் வாழ்வு உயர்வதில் எமக்கு மகிழ்ச்சியே. புதிதாக வந்திருக்கும் தங்கை கெட்டிக்காரி. எனினும் பழகும் வரை, முன்பு அன்றே கொடுத்த வேலைக்கு இரண்டு மூன்று நாட்கள் செல்லலாம். வேலைக்கூலி 2,000 ரூபாவிலிருந்து 2,500 ரூபாவாகிறது. பழைய தட்டிலிருந்து கோப்புகளை மாற்றுவதற்கு 1,500 ரூபா தனியாகச் சேரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், “எஸ்.எஸ்.டி. போட்டால் விண்டோஸ் 11 வருமா?” என்று பலர் கேட்கிறீர்கள். மைக்ரோசொப்ட்டின் விதிப்படி இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், மேற்சொன்ன பழைய கணினிகளில் அவை இல்லை. குறுக்கு வழியில் நிறுவலாம், ஆனால் பின்னர் வரும் அப்டேட்டுகளுக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. கடிதம் தட்டவும் பாடங்கள் பார்க்கவும் மட்டும் பாவிப்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை இலவசமாக நிறுவித் தருகிறோம். கடையில் ஒரு கணினியில் அதை ஓட விட்டிருக்கிறோம். வந்து தொட்டுப் பார்க்கலாம்.

மாங்குளத்திலிருந்தும் மல்லாவியிலிருந்தும் பஸ்ஸில் மடியில் கணினியைச் சுமந்துகொண்டு வரும் உங்களுக்கும், அந்தக் குரல்பதிவைக் கேட்டவுடன் மற்றவர்களுக்கு அனுப்பாமல் நேரே எங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்ட ஆசிரியர்களுக்கும், தமது 238ஐத் திரையில் காட்டி எங்களுக்காக அந்தக் குழுக்களிலேயே வாதாடிய உயர்தர மாணவர்களுக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் படத்தை எடுத்தவரும் எங்கள் வாடிக்கையாளரே. அவர் கணினியோடு வந்தால், பைட் கணக்கை அவர் கண் முன்னாலேயே போட்டுக் காட்டுவோம், தேநீரும் உண்டு.

வரும்போது மொனிட்டரைக் கொண்டுவர வேண்டாம், கணினிப் பெட்டி மட்டும் போதும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வருவதற்கு முதல் நாள் ஒரு தொலைபேசி அழைப்புத் தந்தால், கையிருப்பில் என்ன ராம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவோம்.

இங்ஙனம்,
கடை உரிமையாளர்,
கரடிப்போக்கு, கிளிநொச்சி.