சிங்கத்தோடு அந்த இரண்டு பட்டைகளையும் சேர்த்துத் தையுங்கள்

இலங்கைத் தேசிய ஒலிம்பிக் குழுவுக்கும் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும்,

வணக்கம்.

ஒலிம்பிக் சாசனத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஒலிம்பிக்குக்குப் போகும் அணி என்ன உடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டின் தேசிய ஒலிம்பிக் குழுவுக்கு மட்டுமே உரியது என்கிறது அது. வீரர்கள் பாவிக்கும் சில விசேட உபகரணங்களுக்குத்தான் விலக்கு. ஆகவே, தேசிய அணிச் சட்டையில் தமிழும் கொடியின் பட்டைகளும் வேண்டும் என்று கேட்கும் இந்த மடலை வேறு யாருக்கு எழுதியும் பயனில்லை. காசு, கொள்கை என்று வந்தால் அமைச்சும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

நான் வன்னியில் ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகத்தில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறவள். அதற்கு முன் ஆடைத் தொழிற்சாலையில் லைனில் இருந்து தைத்தவள். விளையாட்டுச் சட்டையைப் பற்றிப் பேச இந்த இரண்டும் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சட்டைகளை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நெஞ்சில் கழகத்தின் பெயர் தமிழில் பெரிதாக இருக்கும். முதுகில் 'அமரர்' என்று தொடங்கி ஒரு பெயர். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளை, செத்துப்போன தகப்பனின் ஞாபகார்த்தமாக அந்தச் சட்டைகளுக்குக் காசு அனுப்பியிருப்பார். உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக் கிண்ணங்களும் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். பதினைந்து வயதுப் பிள்ளை, தான் கண்டே இராத ஒருவரின் பெயரை முதுகில் வைத்துக்கொண்டு ஓடுவது வெளியூராருக்கு விசித்திரமாகப் படலாம். இங்கே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

வலய மட்டம், மாவட்ட மட்டம், மாகாண மட்டம் என்று பிள்ளை மேலே போகப் போக அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அது சரிதான், தேசிய அணிச் சட்டையில் யாருடைய தகப்பனுக்கும் இடமில்லை. ஆனால் அங்கே போய்ச் சேரும்போது தமிழ் எழுத்தே இல்லாமல் போகிறது. நான் பார்த்த தேசிய அணிச் சட்டைகளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்தில் சிங்கம் இருக்கும். அவ்வளவுதான்.

சிங்கத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அது கொடியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கொடியில் சிங்கம் தனியாக இல்லையே? 1951இல் கொடியை இறுதி செய்தபோது ஓரத்தில் இரண்டு பட்டைகளைச் சேர்த்தார்கள். செம்மஞ்சள் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. அந்தப் பட்டைகள் போதுமா என்று எங்கள் பெரியவர்கள் அன்றைக்கே கேட்டார்கள், அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அதை விடுவோம். சட்டைக்குச் சின்னம் வரையும்போது என்ன நடக்கிறது? வாளேந்திய சிங்கத்தை மட்டும் வெட்டி எடுத்து நெஞ்சில் வைக்கிறார்கள். கிரிக்கெட் சட்டையில் இருப்பதும் அதுதான். எங்களுக்கென்று கொடியில் விட்ட ஓரமும் கத்தரியோடு போய்விடுகிறது. வரைகிறவர் இதை வேண்டுமென்று செய்வதில்லை. அவருக்கு அது தோன்றவேயில்லை என்பதுதான் என் குறை.

வாளேந்திய சிங்கம் வன்னியில் ஒரு தாய்க்கு எதை ஞாபகப்படுத்தும் என்று நான் விளக்கத் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் கடந்து வந்த குடும்பங்கள் இவை. அதே தாய், மகள் தேசிய அணிக்குத் தெரிவானால் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அந்தச் சட்டையை வெயிலில் போட்டால் நிறம் போய்விடும் என்று நிழலில் காயப்போடுவாள். பெருமையும் நோவும் ஒரே ஆளுக்குள் இருக்கும். நாட்டுப்பற்று இருக்கிறதா இல்லையா என்று அவளிடம் பரீட்சை வைக்க வேண்டாம், சட்டையைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

சட்டையில் என்ன பெரிதாக இருக்கிறது, ஓடினால் சரி என்று கொழும்பில் ஒருவர் சொல்லக்கூடும். உலகம் அப்படி நினைக்கவில்லை. 2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்ய வீரர்களைப் போட்டியிட விட்டார்கள், கொடியை விடவில்லை. 'ரஷ்யாவிலிருந்து வந்த ஒலிம்பிக் வீரர்' என்ற எழுத்தோடுதான் அவர்கள் உடுப்பு இருக்கலாம் என்றார்கள். ஊக்கமருந்து விவகாரத்துக்காக ஒரு வல்லரசுக்குக் கொடுத்த தண்டனை அது. அதே தொடக்க விழாவில் வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே மாதிரி வெள்ளை மேலங்கி போட்டு ஒரே கொடிக்குப் பின்னால் நடந்தன. தண்டிக்கவும் சமாதானம் பேசவும் உடுப்பையே எடுக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

எங்கள் சொந்தக் கதை இதைவிடக் கூர்மையானது. ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958, டோக்கியோ, உயரம் பாய்தலில் 2.03 மீற்றர். அந்த விழா மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. அதே நாட்களில்தான் இங்கே தமிழருக்கு எதிரான கலவரம் எரிந்துகொண்டிருந்தது, மே 27இல் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்தார்கள். இலங்கைக்காகப் பாய்ந்து தங்கம் எடுத்தவரின் சனம் அந்தக் கிழமை வீடு வாசலை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் போடுங்கள் என்று தனி மடல் எழுதலாம். இங்கே நான் சொல்ல வருவது, இந்தச் சட்டையை நாங்கள் புதிதாகக் கேட்டு வரவில்லை என்பது. கூடவே இருந்தவர்கள்தான் நாங்கள்.

இப்போதும் அப்படித்தான். எங்கள் வலைப்பந்துப் பிள்ளைகளுக்குத் தர்ஜினி சிவலிங்கம் என்றால் கண் விரியும். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் வலைக்குக் கீழே நின்றால் பந்து வேறு எங்கும் போகாது. முள்ளியவளையின் அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் எடுத்துவந்தார். கரிப்பட்டமுறிப்பு இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானில் கிக் பொக்சிங்கில் வென்று வந்தார். இவர்கள் திரும்பி வரும்போது சந்திக்குச் சந்தி மாலை போடுகிறோம். படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். அந்தப் படத்தில் தமிழ் இருப்பது பின்னால் கட்டிய பதாகையில் மட்டும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. புலம்பெயர்ந்த எங்கள் இளைஞர்கள் சிலர் கொனிஃபா என்ற, உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் சேராத அணிகளுக்கான போட்டியில், 2014 முதல் தமிழீழம் என்ற பெயரில் சட்டை போட்டு ஆடியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள், கொழும்பில் தைத்த சட்டையில் அந்தப் பிள்ளைக்கு எங்கே இடம் வைத்தோம் என்றும் ஒருதரம் யோசிக்கலாம்.

அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். 1994 பொதுநலவாய விளையாட்டு விழாவில் பழங்குடி ஓட்ட வீராங்கனை கதி ஃப்ரீமன் வென்றதும் பழங்குடி மக்களின் கொடியோடு மைதானத்தைச் சுற்றினார். அவர்கள் அணியின் நிர்வாகத் தலைவரே அவரைக் கண்டித்தார். 2000 சிட்னியில் 400 மீற்றரில் தங்கம் வென்றபோது இரண்டு கொடிகளையும் சேர்த்துப் பிடித்தார், சப்பாத்து பழங்குடிக் கொடியின் நிறத்தில் இருந்தது. அப்புறம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு, குத்துச்சண்டை ஒலிம்பியரான ஒரு பழங்குடி ஓவியரின் படத்தை அவர்களே போட்டி உடுப்பில் அச்சிட்டார்கள். அதுவரை ஒலிம்பிக் போன 52 பழங்குடி வீரர்களுக்காகக் காலடித் தடங்கள் போட்ட படம். கண்டனத்தில் தொடங்கி சட்டையில் வந்து நிற்க அவர்களுக்கு 27 வருஷம் எடுத்தது. நியூசிலாந்து இன்னும் எளிதாகச் செய்தது. 2004 ஏதென்ஸ் முதல் கொடி பிடிக்கிறவருக்கு மாவோரிப் போர்வை ஒன்றைப் போர்த்தி அனுப்புகிறது. சனம் கையால் செய்த போர்வை.

சரி, இங்கே என்ன செய்யலாம்? நான் கேட்பது நாட்டின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அணிவகுப்பு உடையிலும், பதக்க மேடையில் போடும் மேலங்கியிலும் இருக்க வேண்டும் என்பது. கடவுச்சீட்டின் அட்டையில் மூன்றும் இருக்கிறது, ரூபாய்த் தாளில் மூன்றும் இருக்கிறது. சீனர்கள் தங்கள் எழுத்தில் நாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் ஏறுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. போட்டிச் சட்டையில் இடம் குறைவு என்பது எனக்குத் தெரியும். வயிற்றில் இலக்கத் தாள் குத்த வேண்டும், தயாரிப்பாளரின் அடையாளத்துக்கு அளவு விதி இருக்கிறது. அங்கே பிடரிக்குக் கீழே சின்னதாகப் போட்டாலும் போதும். பொலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் முறையில் அச்சடித்தால் சாயம் துணிக்குள்ளேயே இறங்கிவிடும், பாரமும் கூடாது, கழுவினால் உரியவும் மாட்டாது. வலைப்பந்தில் ஆட்ட இடத்தைக் காட்டும் 'ஜீ.எஸ்', 'டபிள்யூ.ஏ' எழுத்துகளையும் தமிழில் போடச் சொல்வேன் என்று பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும். அச்சுக்கு அனுப்புமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரச பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாடு ஊரறிந்தது. தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் 'இலங்கை' என்று அடித்தால் கடைசி எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுந்துவிடும். அப்படி ஒரு சட்டையோடு உலகத் தொலைக்காட்சியில் வருவதைவிட இப்போது இருக்கும் ஆங்கிலமே மேல்.

அலங்காரத்துக்கென்று ஒரு பனைமரத்தை நெஞ்சில் பொறித்துவிட்டு வடக்கைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லவும் வேண்டாம். அது சுற்றுலா விளம்பரத்துக்குச் சரி. வன்னியானிடம் மரம் கேட்டால் பாலையும் முதிரையும் சொல்வான். சின்னம் தேவையென்றால் முழுக் கொடியையும் பட்டைகளோடு போடுங்கள், போதும்.

முஸ்லிம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் தலையை மூடி ஆட விடவில்லை என்று கட்டார் பெண்கள் கூடைப்பந்து அணி ஆடாமலே விலகிக்கொண்டது. 2017இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். விதி இடம் தந்துவிட்டது, இனி அணிக்கு உடுப்பு எடுக்கும்போதே முழுக்கையும் தலைத்துணியும் அதே நிறத்தில், அதே துணியில் வர வேண்டும். மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வரும் பிள்ளை கடையில் வாங்கிய கறுப்புத் துணியை மேலே சுற்றிக்கொண்டு அணியில் தனியாகத் தெரியக் கூடாது.

பராலிம்பிக் உங்கள் குழுவின் கீழ் வராது, அமைச்சின் கீழ் வரும். டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த, போரில் காயப்பட்ட இராணுவ வீரர். அவர் வென்ற அன்று இங்கேயும் தொலைக்காட்சி பார்த்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் அதே போரில் கால் போனவர்களும் இருந்தார்கள். இராணுவத்துக்குள் அவருக்குப் பயிற்சியும் மைதானமும் இருந்தது. புதுக்குடியிருப்பில் பொய்க்காலோடு நடக்கும் பிள்ளைக்கு அது எங்கே? அவளும் அந்த அணியில் சேர்ந்து, அவர் போட்ட அதே சட்டையைப் போட்டு நின்றால் நான் எழுதும் இந்த மடலில் பாதி தேவைப்படாது. அப்படி ஒரு நாள் வருவதற்குச் சட்டை மட்டும் போதாது என்பதும் தெரியும்.

கடைசியாகத் தையல். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியின் அணிவகுப்பு உடை சீனாவில் தைக்கப்பட்டது என்று தெரியவந்ததும் அங்கே அரசியல்வாதிகள் கொதித்தார்கள், அடுத்த விழாவிலிருந்து உள்நாட்டிலேயே தைத்தார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, தைத்து ஏற்றுமதி செய்துதான் இந்த நாடு டொலர் பார்க்கிறது. போர் முடிந்த பிறகு கிளிநொச்சிப் பக்கமும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. நானும் என்னோடு லைனில் இருந்தவர்களும் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் ஓடப்போகும் உடுப்புகளுக்கு பிளாட்லாக் என்ற தட்டைத் தையல் அடித்தோம். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று டார்கெட், தையல் ஒரு மில்லிமீற்றர் விலகினால் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கைகளுக்கு எங்கள் அணியின் மேலங்கியையும் ஒருமுறை தைக்கக் கொடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு தேசியக் குழாத்துக்குத் தெரிவானபோது உடுப்பு அளவு கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது, சிங்களத்தில் மட்டும். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கடைசியில் சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள அண்ணாதான் வாசித்துச் சொல்லி, இஞ்சிநாடாவும் எடுத்துத் தந்தார். அதற்குள் திகதி போய், அவளுக்கு வந்தது யாரோ ஒருவருடைய அளவு. தோள் இறங்கி நின்றது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. இனிமேல் அளவுப் படிவத்தை இரண்டு மொழியிலும் அனுப்புங்கள், இதற்கு எந்தக் குழுக் கூட்டமும் தேவையில்லை.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கான உடையை யார் வரைகிறார்கள், எப்போது முடிவெடுக்கிறீர்கள் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அறிவியுங்கள். தெரிவுக் குழுவில் வடக்கு கிழக்கிலிருந்து உடுப்புத் தைத்த ஒருவரும் ஆடிய ஒருவரும் இருக்கட்டும். மாதிரி வேண்டுமென்றால் துணி விபரத்தையும் அளவையும் அனுப்புங்கள், இங்கே வெட்டித் தைத்துப் பார்சலில் போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு வலைப்பந்துப் பயிற்றுநர்