கரண்டு போனால் ஊமையாகும் தொலைபேசி: ஃபைபருக்கு மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
ஒரு தோட்டத்து வீட்டு வாடிக்கையாளர், காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்
(பெயர், முகவரி, இணைப்பு எண், புகார் எண்கள் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: செம்புக் கம்பித் தொலைபேசியை ஃபைபருக்கு மாற்றியபின் மின்தடை நேரத்தில் பேச முடியாமல் போனது, 11 நாள் இணைப்பே இல்லாமல் இருந்தது பற்றி.

ஐயா,

ஆடி முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பராமரிப்பு வேலைக்காக எங்கள் பகுதியில் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். நான் வெள்ளகோவில் போயிருந்தேன். வீட்டில் 81 வயது மாமியார் மட்டும்தான். பத்து மணி வாக்கில் ஆசாரத்து (முன்கூடத்து) படியில் கால் இடறி விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்தே உள்ளே போய், முக்காலியில் இருந்த போனை இழுத்துக் காதில் வைத்திருக்கிறார். எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்துக் கொரங்காட்டில் செம்மறி மேய்க்கும் பையன் தண்ணீர் குடிக்க வந்தபோது மணி பன்னிரண்டரை. அவன் கிணற்று மேட்டுக்கு ஓடி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று எனக்குச் சொன்னான்.

எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டரை மணி நேரம் அவர் அந்தத் தரையிலேயே கிடந்தார். நான் வந்ததும் அவர் கேட்டது: "போன எடுத்தா உசுரே இல்ல கண்ணு. பழைய கம்பிய எதுக்குக் கழட்ட உட்ட?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 04257 எண்ணோடு தொலைபேசி வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் எங்கள் பக்கம் தென்னை மட்டையும் மரக்கிளையும் மின்கம்பியில் விழுவது வருஷா வருஷம் நடப்பது. ராத்திரி முழுக்கக் கரண்டு இருக்காது. அப்போதும் அந்தப் போன் பேசியது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: பேசுவதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே செம்புக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபைபரில் வருவது வெறும் ஒளி. அதைப் பேச்சாக மாற்றுகிற பெட்டி வீட்டுச் சுவரில் இருக்கிறது. அது எங்கள் கரண்டில் ஓடுகிறது. கரண்டு நின்ற அந்த நொடியே பெட்டி அணைந்துவிடும், போனும் சேர்ந்து போய்விடும்.

இந்த ஒரு விஷயத்தை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் தரப்பில் ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. உங்களிடமிருந்து வந்த மூன்று குறுஞ்செய்திகளும் என் செல்போனில் இருக்கின்றன. வேகம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை படச் செயலிகள் இலவசம் என்று எல்லாம் இருக்கிறது. மின்தடை என்ற சொல் இல்லை. பெட்டி மாட்ட வந்த தம்பியிடம் நானே கேட்டேன், "கரண்டு போனா என்ன தம்பி?" என்று. "யூபிஎஸ் போட்டுக்குங்க்கா, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க்கா" என்றார். எங்கள் வீட்டில் யூபிஎஸ் இல்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

2021 ஜனவரி 15 முதல் தரைவழிப் போனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. தேதி முன்கூட்டியே தெரிந்தது. பூஜ்யம் போடாமல் அழுத்தினால் ஒரு குரல் வந்து எடுத்துச் சொன்னது. 80-ஐ நெருங்கிக்கொண்டிருந்த என் மாமியார் அதைக் கேட்டுக் கேட்டே பழகிக்கொண்டார். போனுக்கு மேலே சுவரில் எங்கள் எண்களை எல்லாம் பூஜ்யத்தோடு பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னார். சொன்னால் கேட்டு நடக்கிற மனுஷிதான் அவர். அதைவிடப் பெரிய இந்த மாற்றத்தை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஃபைபரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து நாங்கள் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட இணையம் இளைத்துப்போகும்; மழை பெய்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிக் கரகரவென்று இரையும். என் மகளின் பாடங்களுக்கு இப்போதுள்ள வேகம் பெரிய உதவி. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் மாற்றிய விதம் சரியில்லை. முதல் நாளே பழைய வயரை அறுத்துச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். புதுப் பெட்டியில் அன்று மாலையே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஃபைபரைக் கம்பத்திலிருந்து இழுத்து எங்கள் கிளுவை வேலியில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. இறுக்கி மடக்கினால் ஒளி கசிந்து போகும் என்று பின்னால் வந்த இன்னொரு தம்பிதான் மீட்டரை வைத்துக் காட்டினார். ஒளியின் அளவு மைனஸ் 27-க்குக் கீழே போகக் கூடாது என்றார். மைனஸ் 31 காட்டியது. அவர் வருவதற்கு 11 நாள் ஆனது. அதுவரை நான் நான்கு தடவை கூப்பிட்டேன். "மேடம், 24 மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று நான்கு தடவையும் சொன்னார்கள். அந்த 11 நாளுக்கும் வாடகை போட்டிருக்கிறீர்கள். அதே மாதத்தில் அறுத்தெடுத்த பழைய இணைப்புக்கும் தனியாக ஒரு பில் வந்திருக்கிறது. இரண்டின் நகலும் இணைத்துள்ளேன்.

இன்றைக்கும் அந்த இழை வேலியில்தான் இருக்கிறது. கிளுவையை வெட்டிக் கழிக்கிற காலம் வந்தால் அரிவாள் அதன்மேலும் விழும். கம்பம் நட்டோ மண்ணுக்கடியில் குழாய் போட்டோ அதை ஒழுங்காகக் கொண்டுவந்து தர வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து எங்கள் வீடு வரை வருகிற இழைக்கு மின்சாரம் தேவையில்லை. நடுவில் ஒளியைப் பல வீட்டுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டருக்கும் தேவையில்லை. உங்கள் முனையில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. ஆக, கரண்டு போனால் அணைவது வீட்டுச் சுவரில் இருக்கும் அந்த 12 வோல்ட் பெட்டி ஒன்றுதான். அதற்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப் போதும். அதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் பழைய வயரை அறுத்திருந்தால் என் மாமியார் விழுந்த உடனே 108-ஐ அழைத்திருப்பார். அவருக்கு அந்த எண் மனப்பாடம்.

எங்களுக்கு அந்த பேட்டரியை உங்கள் செலவில் தர வேண்டும் என்று கேட்கிறேன். குறைந்தது ஒரு பகல் பராமரிப்பு நிறுத்தத்தைத் தாங்குகிறதாக, காலை 9 முதல் மாலை 4 வரை ஓடுகிறதாக இருக்க வேண்டும். 11 நாள் வாடகையையும் பழைய இணைப்பின் பில்லையும் கழித்து, பழைய இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் வலசில் இன்னும் ஆறு வீடுகள் செம்புக் கம்பியில் இருக்கின்றன. அதில் மூன்றில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கம்பியை அறுப்பதற்கு முன்னால், கரண்டு போனால் இந்தப் போன் பேசாது என்று தமிழில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லி, பேட்டரி வேண்டுமா என்று கேட்க வேண்டும். என் வீட்டுக்குச் செய்வதைவிட எனக்கு இது முக்கியம்.

பதில் திருப்தியாக இல்லையென்றால், 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் புகார் தீர்வு ஒழுங்குமுறைப்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுவேன். அங்கே 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அதற்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பகலில் எப்போது வந்தாலும் மாமியார் வீட்டில் இருப்பார். வருவதற்கு முன்னால் என் செல்போனுக்குச் சொல்லுங்கள், அன்று கரண்டு இருக்குமோ இருக்காதோ.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்