வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் விடுதலைக்கு உழைத்த ஒருவரை எடுத்து ஆண்டு முழுக்கப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். வ.வே.சு. ஐயர் பிறந்த வரகனேரி பக்கத்தில்தானே, அவரையே எடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஐயரும் ஸ்ரீரங்கம் டி.எஸ்.எஸ். ராஜனும் லண்டனில் தங்கியிருந்த இந்தியா ஹவுஸை உண்டாக்கியது யார் என்று கேட்டபோது இரண்டொருவருக்குத்தான் தெரிந்திருந்தது. சரி, முதலில் அவரையே படிப்போம் என்று ஷியாம்ஜி கிருஷ்ண வர்மாவை எடுத்துக்கொண்டோம்.

1857இல் கட்ச் பகுதியில் மாண்டவி ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சமஸ்கிருதப் புலமையால் மேலே வந்தார். 1877இல் காசிப் பண்டிதர்கள் அவருக்குப் ‘பண்டித’ பட்டம் தந்தார்கள். பிராமணர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸுக்கு உதவியாளராக இருந்தபடியே படித்து 1883இல் பட்டம் வாங்கினார், பாரிஸ்டரும் ஆனார். ஊர் திரும்பி ரத்லாம், ஜுனாகத் சமஸ்தானங்களில் திவானாக இருந்தார், பஞ்சாலைகளில் பணம் போட்டுச் செல்வமும் சேர்த்தார். 1897இல் மறுபடி இங்கிலாந்து போனார்.

1905 ஜனவரியில் ஒரு பென்னி விலையில் ‘இந்தியன் சோஷியாலஜிஸ்ட்’ மாத இதழைத் தொடங்கினார். ஜூலை 1 அன்று, லண்டன் ஹைகேட்டில் குரோம்வெல் அவென்யூ 65ஆம் எண் வீடு, ‘இந்தியா ஹவுஸ்’ என்ற பெயரில் இந்திய மாணவர்களின் விடுதியாகத் திறக்கப்பட்டது. கூடவே ஆளுக்கு 2,000 ரூபாய் உதவித்தொகை. அதை வாங்குபவர் ஊர் திரும்பியபின் ஆங்கில அரசின் எந்த வேலையையும், சம்பளத்தையும் ஏற்கக் கூடாது என்பது நிபந்தனை. நம் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது இதைப் பற்றித்தான். நம்மில் பலர் அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்கள். அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி ஆகும் கனவோடு கப்பலேறிய பையனுக்கு இது எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்திருக்கும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. படிப்புக்குப் பணம் தந்தவர்கள் எத்தனையோ பேர். படித்தவன் யாரிடம் வேலைக்குப் போகிறான் என்று யோசித்தவர் இவர். என் பார்வையில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

மாற்றுக் கருத்தும் எழுந்தது. 1907இல் அவர் பாரிஸுக்குப் போய்விட்டார். இதழ் லண்டனில்தான் அச்சானது. 1909இல் அதை அச்சிட்ட ஆர்தர் ஹார்ஸ்லி ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனார். அப்புறம் அந்த வேலையைத் தானே முன்வந்து ஏற்ற கை ஆல்ட்ரெட் என்ற 22 வயது ஆங்கிலேயருக்கு ஓராண்டுச் சிறை. ஆசிரியர் பாரிஸில் பத்திரமாக இருக்க, அச்சுக்காரர்கள் சிறை போவது நியாயமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஷியாம்ஜி லண்டனிலேயே இருந்து கைதாகியிருந்தால் இதழும் அன்றோடு நின்றிருக்கும் என்பது என் கருத்து. ஆனாலும் ஆல்ட்ரெட்டின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வர வேண்டும் என்பதில் கூட்டம் ஒரே குரலாக இருந்தது.

அதே 1909இல் லண்டன் பாரிஸ்டர்களின் சங்கமான இன்னர் டெம்பிள் ஷியாம்ஜியை பாரிஸ்டர் பட்டியலிலிருந்து நீக்கியது; மீண்டும் சேர்த்தது 2015இல். 1914இல் ஜெனீவா போனவர் 1930 மார்ச் 30 அன்று அங்கேயே காலமானார். மனைவி பானுமதி 1933இல் மறைந்தார். விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அங்கேயே காத்திருந்த இருவரின் அஸ்தியும் 2003இல்தான் தாயகம் வந்தது. இவ்வளவு தாமதம் ஆகியிருக்கக் கூடாது.

மற்றபடி மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மழைக்காலத்தில் நூலக அலமாரியில் ஈரம் ஏறியதால் நூல்களை மாடிக்கு மாற்றினோம். தூக்கி உதவிய இளைஞர்களுக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு வ.வே.சு. ஐயரின் லண்டன், புதுச்சேரி ஆண்டுகளையும் அவரது ஆங்கிலத் திருக்குறள் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதனையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்