நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் போக்குவரத்துக் காவல் பிரிவு சென்ற மாதம் பதிவு செய்த வழக்குகளைப் பற்றியும் வசூலித்த அபராதத் தொகையைப் பற்றியும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 31 ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. எத்தனை வழக்குகள் என்று எழுதியிருந்ததே தவிர, அவை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் குற்றத்துக்காகப் போடப்பட்டவை என்று ஒரு வரிகூட இல்லை.

இடத்தை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஹெல்மெட் சோதனை பெரும்பாலும் காலை ஒன்பது மணி வாக்கில், ரயில்வே மேம்பாலம் இறங்கித் திரும்பும் வளைவில் நடக்கிறது. பாலத்தின் மேலிருந்து வருபவருக்குக் காவலர் நிற்பது தெரியாது என்பதும், தெரிந்தபின் வண்டியை எளிதில் திருப்ப முடியாது என்பதும்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் பயந்தவர் திடீரென்று பிரேக் பிடிக்கிறார், அல்லது எதிர்த்திசையில் பாலத்தின் மேல் ஏறுகிறார். இறக்கத்தில் ஐம்பது பயணிகளோடு பின்னால் வரும் பேருந்து ஓட்டுநரின் நிலையை அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் அறிவார். இதற்கு மாறாக, கிராமச் சாலை நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில், மாலை இருட்டிய பிறகு, வேகத்தைக் குறைக்கச் சொல்ல ஒரு காவலரைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் ஹெல்மெட்டுக்கு எதிரானவன் அல்லன். 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு 100 ரூபாயாக இருந்த அபராதத்தை 1,000 ரூபாயாக்கியதையும் நான் குறை கூறமாட்டேன். ஆனால் அதே அறிக்கையின்படி, அவ்வாண்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 71.2 விழுக்காட்டினரின் சாவுக்குக் காரணம் அதிவேகம். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்று முதலிடத்தில் நின்றது. தலையில் ஹெல்மெட் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். வேகத்தை நிரூபிக்க ஸ்பீடு கன்னும் அதைப் பிடித்து நிற்கப் பொறுமையும் வேண்டும். எளிதாகக் கிடைக்கும் வழக்கே எண்ணிக்கையை நிரப்புகிறது.

எந்த இடத்தில் விபத்து நடக்கிறது என்று காவல்துறைக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. ஐராட் எனப்படும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்துக்குச் செல்லும் காவலரே கைபேசியில் இடத்தையும் விவரத்தையும் பதிவு செய்கிறார். அந்தப் பதிவைப் பார்த்துச் சோதனை இடத்தை முடிவு செய்தால் போதும்.

நிற்காமல் போகிறவரைத் துரத்தும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியரின் வண்டியைக் காவல் ஆய்வாளர் துரத்திச் சென்று உதைத்ததாகப் புகார் எழுந்தது. கீழே விழுந்த பெண் உயிரிழந்தார். வண்டி எண் கையில் இருக்கும்போது துரத்த வேண்டிய தேவை என்ன? சலானை வீட்டுக்கு அனுப்பலாமே.

அந்தச் சலானும் ஒழுங்காக வர வேண்டும். சென்ற ஆண்டு என் மொபெட் எண்ணுக்கு, நான் போயிராத ஒரு ஊரில் ஹெல்மெட் இல்லாமல் சென்றதாகக் குறுஞ்செய்தி வந்தது. படத்தைத் திறந்து பார்த்தால் எண் பலகையின் பாதி மங்கலாக இருந்தது. அது மொபெட்டே அல்ல. அதை நீக்க மூன்று முறை அலைந்தேன். மின்னணுக் கருவிகளால் பதிவாகும் குற்றங்களுக்கு, எண் பலகை தெரியும் தெளிவான படத்தோடு 15 நாட்களுக்குள் அறிவிப்பு வர வேண்டும் என்றும், கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்றும் 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதியே சேர்த்திருக்கிறார்கள்.

வெயிலிலும் புகையிலும் நாள் முழுதும் நிற்கும் காவலர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. மாலையில் மேலிருந்து வரும் முதல் கேள்வி "இன்னைக்கு எத்தனை கேஸ்?" என்பதுதான் என்று எனக்குப் பழக்கமான காவலர் ஒருவர் சொன்னார். கேள்வி அப்படி இருந்தால் அவரும் பாலத்தடியில்தான் போய் நிற்பார். (சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் இரு மடங்கு அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 210பி பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கில் எத்தனை வழக்குகள் என்பதையும் அறிய ஆவல்.)

அடுத்த மாதம் இதே செய்தி தங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, வழக்கு பதிவான இடங்களின் பட்டியலையும் அதே மாதத்தில் விபத்து நடந்த இடங்களின் பட்டியலையும் தங்கள் நிருபர் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்