உப்பில் அயோடின் கலந்து தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள் நான். வயிற்றுப் பிள்ளைக்கு அயோடின் போதாமல் போனால் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்த பிறகு அதை முழுசாகச் சரிக்கட்ட முடியாது. அந்தக் கதி தங்களுக்கு வராமல் போனது எந்தப் பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை. அதனால் அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, சுவிட்சர்லாந்து மலைக்கிராம வைத்தியர் ஓட்டோ பயார்டுக்கு. 1918-ல் உப்பில் கொஞ்சமே கொஞ்சம் அயோடைடை, அதாவது அயோடின் அடங்கிய ஒரு சேர்மத்தை, கலந்து சில குடும்பங்களுக்குக் கொடுத்தீர்கள். அயோடின் குறைவால் வீங்கிப்போகும் முன்கழுத்துக் கழலை வற்றியது. அதைக் கேட்டதும் சும்மா இருக்கவில்லை அறுவை மருத்துவர் ஹான்ஸ் எக்கன்பெர்கர். மக்களிடம் கையெழுத்து வாங்கி, 1922-ல் தன் வட்டாரத்தில் அந்த உப்பை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்.

அமெரிக்காவின் அக்ரன் நகரத்து மாணவிகளுக்கும் நன்றி. 1917-ல் அங்கே தொடங்கிய ஆய்வில் அயோடைடு சாப்பிட்ட பெண்கள் மட்டுமல்ல, சாப்பிடாதவர்களும் கழுத்தைக் காட்டி நின்றார்கள். இரண்டு பக்கமும் இருந்ததால்தான் வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம், 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஆய்வு தொடங்கிய மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியின் குழுவுக்கு நன்றி. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பு, மூன்றாவதற்கு வெறும் உப்பு. வெறும் உப்பில் காத்திருந்த அந்த மக்களை நினைத்தால் மனசு கனக்கிறது. பின்னால் அவர்களுக்கும் கொடுத்தார்கள் என்று படித்த பிறகுதான் ஆறுதல். 1962-ல் இந்தியா முழுவதற்குமான கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததில் அந்த மக்களுக்கும் பங்குண்டு.

பெயர் தெரியாதவர்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். ஈர உப்பின்மேல் அயோடின் அடங்கிய பொட்டாசியம் அயோடேட் கரைசலை அளவு பிசகாமல் தெளிக்கிற உப்பு ஆலைத் தொழிலாளர்களே, ஒரு சிட்டிகை உப்பைத் தட்டில் பரப்பி, சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, நீலம் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்கிற சுகாதாரப் பணியாளர்களே, உங்கள் வேலைக்கு ஓய்வே கிடையாது. மழை மண்ணிலிருந்து அயோடினை அரித்துக்கொண்டு போவதை யாரால் நிறுத்த முடியும்? கழலை கண்ணில் படுவதில்லை, இனி எதற்கு இதெல்லாம் என்று யாராவது கேட்டால், தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்பதைச் சலிக்காமல் எடுத்துச் சொல்லும் செவிலியர்களே, உங்களுக்கும் என் வணக்கம்.

நன்றியுடன்,
ஓர் ஆசிரியை