தரையிலிருந்து எழுவது

பாம்பன்,
தீபாவளி முடிந்த வாரம்.

அன்பு மாப்பிள்ளை,

மாசியில் நீ கேட்ட கேள்விக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். கோபம் இருந்தால் ஒத்தைக்கொம்பன் பிள்ளையாரிடம் சொல்லித் தீர்த்துக்கொள். நம் இரண்டு பேருக்கும் பொதுவான பஞ்சாயத்து அவன்தானே.

உன் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். கெட்டில்பெல் என்கிற அந்தக் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை வாங்கி எட்டு மாதம் ஆகிறது, நான்கு பயிற்சித் திட்டம் மாற்றியாகிவிட்டது, ஐந்தாவதாக எதைப் பிடிப்பது என்று கேட்டிருந்தாய். அப்போது என்னிடம் பதில் இல்லை. உன் பேச்சைக் கேட்ட சூட்டில் நானும் ஒன்றை வாங்கினேன், அவ்வளவுதான். இப்போது பதில் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் உனக்கு விளங்காது.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் ஒன் போகிறாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து வலைக்கடையில் ஓட்டம் பரவாயில்லை. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. 2022 டிசம்பரில் நின்றது 2025 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. இனி மண்டபத்தில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை, அதனால் ஊருக்கு வராததற்கு வேறு சாக்கு தேடு.

அம்மா விழுந்துவிட்டாள், மாப்பிள்ளை.

ஆடி இரண்டாம் வாரம். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. விடியற்காலை ஐந்து மணி இருக்கும், கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் ஈரத் தரையில் மல்லாந்து கிடக்கிறாள். எலும்பு எதுவும் முறியவில்லை, அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டோம், நீ பயப்படாதே. ஆனால் எழ முடியவில்லை. "வலி ஒண்ணும் இல்லடா, எந்திரிக்க வழி தெரியல" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. குனிந்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினேன். பாதி தூரம் வந்ததும் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே அவளைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டேன். வடகடலில் இரவுத் தொழில் முடித்து அப்போதுதான் கரையேறியிருந்தார்கள். இரண்டு பேரும் வந்து பூ மாதிரித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் தெரியுமா? தடைக்காலத்து 61 நாளும் கடையில் வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் நீ முதலில் செய்தாயே, டான் ஜான் என்கிற அமெரிக்கப் பயிற்சியாளரின் 10,000 ஸ்விங், அதை முடித்திருந்தேன். எடையைக் கால்களுக்கு நடுவிலிருந்து மார்பு உயரத்துக்கு வீசுவதுதான் ஸ்விங். 10, 15, 25, 50 என்று நான்கு செட், கூட்டினால் 100. அதை ஐந்து சுற்று சுற்றினால் ஒரு நாளைக்கு 500. அப்படி 20 நாள். ஒரு நாள்கூட விடவில்லை, கணக்கை எல்லாம் கடை நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நல்ல பயிற்சிதான், மூச்சு வாங்குவது குறைந்தது, வேட்டி இடுப்பில் தளர்ந்தது. ஆனால் 10,000 முடிந்த மறுநாள் படிக்கல் கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. அந்த இரண்டாவது மாத முடிவில்தான் அம்மா விழுந்தாள்.

(படிக்கல் என்பது அம்மா வைத்த பெயர். பெட்டியைப் பிரித்ததும், "மீன் எடை போடுற படிக்கல்ல எதுக்குடா காசு குடுத்து வாங்கின" என்றாள். சொன்னால் நம்பமாட்டாய், அவள் சொன்னது சரி. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்தான் இது. அங்கே அதற்கு கிர்யா என்று பெயர். பூட் என்பது அவர்களுடைய பழைய நிறுத்தல் அளவு, 16 கிலோவும் சொச்சமும். ஒரு பூட் 16, ஒன்றரை 24, இரண்டு 32. இன்றைக்கும் இந்த எடைகளில் விற்பது அதனால்தான். அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பெருமை தாங்கவில்லை.)

விழுந்து பத்து நாள் கழித்து ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் கூட்டிப்போனேன். மாத்திரை, தைலம் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ தரையில் பாயை விரித்து, "பாட்டி, மெதுவாக் கீழ படுங்க" என்றார். பிறகு எழுவதற்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். முழங்கையை ஊன்ற வேண்டும். அப்புறம் உள்ளங்கை. அப்புறம் தவழ்கிற மாதிரி நாலு காலில் நிற்க வேண்டும். பக்கத்தில் கிடக்கும் நாற்காலியைப் பிடித்து ஒரு பாதத்தை முன்னால் வைத்து அழுத்த வேண்டும். அம்மா மூன்றாவது முயற்சியில் தானாக எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 74 வயது, ஒரு மணி நேரத்தில் வழி தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, உச்சிப்புளி தாண்டியதும்தான் பொறி தட்டியது. இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். நீ ஒன்பதே நாள் செய்துவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று விட்டாயே, கெட்டில்பெல் பயிற்சியாளர் பாவெல் சாட்சுலினின் திட்டம், சிம்பிள் அண்ட் சினிஸ்டர், அதில் பாதி இதுதான். டர்க்கிஷ் கெட்-அப். மல்லாந்து படுத்து, ஒரு கையில் எடையைக் கூரையைப் பார்த்து நேராகப் பிடித்தபடி, முழங்கை, உள்ளங்கை, இடுப்பைத் தூக்கு, காலைப் பின்னால் இழுத்து முட்டி போடு, எழுந்து நில். பிறகு வந்த வழியே இறங்கிப் படு. அம்மா இரண்டு கையையும் ஊன்றுகிறாள். நமக்கு ஒரு கைதான் மிச்சம், இன்னொரு கை தலைக்கு மேல் பாரம் சுமக்கிறது. மற்றபடி வழி ஒன்றுதான்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக வேறு எதையும் நான் செய்யவில்லை. நீயும் இதைத்தான் பிடிக்க வேண்டும் என்பது என் தீர்மானமான முடிவு.

மற்றவை மட்டம் என்று சொல்லவில்லை. ஏணிக்கணக்கில் பிரஸ், அதாவது தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது, செய்கிற திட்டம் உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை ஏறி, அப்படி ஐந்து ஏணி போட்டால் ஒரு கைக்கு 75 பிரஸ். வாரம் மூன்று நாள், ஒன்று லேசு, ஒன்று நடுத்தரம், ஒன்று கனம். கடைசியில் பகடை உருட்டி, எத்தனை விழுகிறதோ அத்தனை நிமிடம் ஸ்விங். தோளுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதை உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டும், நாள் தவறினால் கணக்கு குழம்பும். ஷிப்டு மாறி மாறி வேலை பார்க்கிற உனக்கு அது சரிப்படாது என்பதை நீயே மூன்று வாரத்தில் கண்டுகொண்டாய். அந்த ஆப், தினம் ஒரு புது அசைவு காட்டுமே, அதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. நேற்றுச் செய்ததை இன்று செய்யாவிட்டால் நேற்றைவிட முன்னேறியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

பாவெலின் திட்டத்தில் மறதிக்கே இடமில்லை. 10 ஸ்விங் ஒரு செட், அப்படிப் பத்து செட். பிறகு கெட்-அப் வலது ஐந்து, இடது ஐந்து. அரை மணிக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் விட்டால் மறுநாள் அதையேதான் செய்யப்போகிறோம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆண்களுக்கு அவர் வைத்திருக்கும் முதல் இலக்கு 32 கிலோ. 100 ஸ்விங்கை 5 நிமிடத்தில் முடித்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, பத்து கெட்-அப்பை 10 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 32 என்றால் நிறைந்த கேஸ் சிலிண்டரைவிடச் சற்று அதிகம். அது எப்போது வருமோ வரட்டும். அவரே தினமும் கடிகாரத்தோடு ஓட வேண்டாம் என்கிறார். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா, அடுத்த செட்டுக்குப் போ. அதுதான் அளவு. நான் அம்மாவிடம் "காப்பி ஆச்சா" என்று கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்விங்கில் உன் முதுகு வலிக்கிறது என்றாயே, அதற்கும் காரணம் சொல்கிறேன். நீ அனுப்பிய வீடியோவில் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து, எடையைக் கையால் தூக்குகிறாய். ஸ்விங் அப்படி இல்லை. உன் அப்பா கரைவலை இழுத்ததை நினைத்துப் பார். கையால் இழுக்கிறவன் அரை மணியில் ஓய்ந்துவிடுவான். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் காலால் மணலை உந்துகிறவன்தான் வலையின் மடி கரையேறும்வரை நிற்பான். கை அவனுக்கு வெறும் கயிறு. இதுவும் அதேதான். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நில், முதுகை வளைக்காமல் பின்பக்கத்தால் சுவரைத் தொடு, நிமிர். ஒரு வாரம் எடையே இல்லாமல் இதைச் செய். அந்தக் குதிகால் உயர்ந்த ஓட்டப் பந்தய ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நில். நானும் அம்மாவைத் தூக்கும்போது முதுகை வளைத்துத்தான் தூக்கினேன். 10,000 தடவை இடுப்பால் எடுத்தவன், அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். அதனால்தான் தினம் கொஞ்சமாவது செய்ய வேண்டும் என்கிறேன்.

கெட்-அப்பையும் எடையோடு தொடங்காதே. முஷ்டியின் மேல் ஒரு செருப்பை வைத்துக்கொள். விழாமல் எழுந்து விழாமல் படுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அப்புறம் பையனின் 5 கிலோ டம்ப்பெல். இப்போதுதான் 16-க்கு வந்திருக்கிறேன், அதுவும் பக்கத்துக்கு மூன்று. ஐந்து இன்னும் இல்லை.

ஒரு விஷயம், இதில் விளையாட்டு வேண்டாம். நீ பிரஷர் மாத்திரை போடுகிறாய். 24-ஐ எடுத்துக்கொண்டு மூச்சை அடக்கி முக்காதே. மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஸ்விங் மேலே போகும்போது மூச்சு வெளியே போக வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் உன் டாக்டரிடம் இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள். தங்கச்சி இதைப் படித்தால், அவள்தான் உன்னை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் ஒரு புலம்பல். முதலில் ஆன்லைனில் வாங்கினேன். கைப்பிடியின் உள்பக்கம் வார்ப்பு விளிம்பு கத்தி மாதிரி நின்றது. ஐந்தாவது நாள் உள்ளங்கை கிழிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினால், எடை அதிகம் என்று ஒன்றரை மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் மதுரைக்குப் போய்க் கையால் தடவிப் பார்த்து வேறொன்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நம் ஊர்க் காற்றுக்கு அதுவும் சும்மா இருக்குமா? தென்கடல் பக்கத்து ஜன்னலோரம் வைத்தேன், ஒரே மாதத்தில் பெயிண்ட் பொரிந்து அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, இப்போது சாக்கின் மேல் உள்ளறையில் இருக்கிறது. கைப்பிடியில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, வழுக்கும்.

அம்மா இப்போது வெள்ளி, செவ்வாய் தவிர மற்ற நாள் எல்லாம் என் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து எழுகிறாள், இரண்டு தடவை. பக்கத்தில் நாற்காலி கிடக்கும், இப்போதெல்லாம் பாதி நாள் அதைத் தொடுவதில்லை. நேற்று ஒரு ஸ்விங் செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கேட்டாள், "சார்ஜாக்காரன் எப்பம்டா வாரான்?" தை மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கவாட்டிலிருந்து எடுத்த புது ஸ்விங் வீடியோ ஒன்று அனுப்பு, பத்து தடவை போதும். அந்த 12 கிலோவைத் தண்ணீர் கேன்காரருக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னாயே, கொடுத்துவிடாதே. செருப்புக்கு அடுத்து உனக்கு அதுதான்.

உன் மச்சான்